பச்சையை யாரும் எடுக்கவில்லை



சீனன்குடா ஊரவர்களுக்கும் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான். பாதியில் விட்டால் பிழையாக விளங்கும், தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

சுதந்திர தினத்துக்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் பாடசாலை வாசலில் ஒரு பதாதை கட்டினோம். இடப்பக்க மூலையில் தேசியக் கொடி, நடுவில் பாடசாலைச் சின்னம், பக்கத்தில் சென்ற வருட விழாவின் படமொன்று, கீழே நிகழ்ச்சி நிரல். மஃரிப் தொழுதுவிட்டு போனைப் பார்த்தால் அந்தப் பதாதையின் படம் ஊர் குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொடியின் பச்சைக் கோட்டைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கோடு பச்சையாக இல்லை, கறுப்பாக இருந்தது. கீழே ஒரு வரி: "எங்கட பச்சை எங்க?"

நம் கொடியில் பச்சைக் கோடு முஸ்லிம்களையும் செம்மஞ்சள் கோடு தமிழர்களையும் குறிக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1951இல் இந்தக் கொடி ஏற்கப்பட்டபோது சிங்கக் கொடியோடு சேர்ந்த கோடுகள் அவை. ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். படத்தைக் கண்டதும் எனக்கும் நெஞ்சு ஒருமாதிரி ஆகியது.

குறை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. இஷாவுக்கு முன்னமே அச்சடித்தவர் யார், எந்த ஆள்கள் என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். "வேணுமென்டே செஞ்சது" என்று ஒருவர் குரல் பதிவு போட்டார். பத்து மணிபோல, பதாதையை வடிவமைத்தது பதினோராம் தரப் பிள்ளை ஒருத்தி என்பது வெளியே வந்தது. "கொடியின்ட நிறம்கூடத் தெரியாத பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறாங்க?" என்று இன்னொருவர். அடுத்த நாள் கொடியேற்றத்துக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த கிழமை முழுக்கக் கணினி அறைப் பக்கமும் வரவில்லை.

அந்தக் கிழமை நான் ஒரு வேலை செய்தேன். அவள் செய்த கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, அது போன வழியிலேயே நானும் போனேன். கணினி அறை, என் லெப்டொப், அச்சகம், கடைசியில் குரூப்பில் சுற்றிய படம். பச்சை எந்த இடத்தில் தொலைந்தது என்று பார்க்கத்தான். கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கணினி அறை. அங்கே இருப்பவை பழைய கணினிகள், லினக்ஸ் போட்டிருக்கிறோம், படம் வரைய ஜிம்ப் பாவிக்கிறோம். மூலக் கோப்பைத் திறந்து, நிறம் எடுக்கும் கருவியை அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். சிவப்பு 0, பச்சை 83, நீலம் 78. கொஞ்சம் நீலம் கலந்த கரும்பச்சை. கொடிக்குப் பொருத்தமான நிறம்தான். பிள்ளை பிழை விடவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அந்த எண் ஏன் எல்லா இடத்திலும் ஒரே பச்சையாகத் தெரியவில்லை?

ஒரு உதாரணம். வெளிநாட்டில் இருக்கும் மகன் "ஆயிரம் அனுப்பினேன் உம்மா" என்கிறான். ஆயிரம் ரியாலா, ஆயிரம் ரூபாவா? எண் ஒன்றுதான், பெறுமதி வேறு. நிறமும் இப்படித்தான். 83 என்ற பச்சை எந்தக் கணக்கில் 83 என்று கூடவே சொல்லாவிட்டால், திறக்கும் கணினி தன் கணக்கிலேயே அதை எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் நிற வெளி. படத்தோடு ஒட்டி அனுப்பும் குறிப்புக்குப் பெயர் நிற விவரக் குறிப்பு, ஆங்கிலத்தில் கலர் புரொஃபைல்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. உலகமே இதில் தடுக்கி விழுந்திருக்கிறது. 1993இல் எட்டுக் கம்பனிகள் கூடி ஐ.சி.சி. என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பை அமைத்தன. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசொஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொதுக் கணக்கை முன்வைத்தன, 1999இல் அது சர்வதேச நியமமானது. அதன் பிறகும்கூட மெக் கணினிகள் வெளிச்சத்தை 1.8 என்ற காமாக் கணக்கில் காட்டின, விண்டோஸ் ஏறத்தாழ 2.2 கணக்கில் காட்டியது. மெக்கில் அழகாக இருந்த படம் விண்டோஸில் இருண்டது. 2009இல்தான் மெக்கும் 2.2க்கு மாறியது. அது தீர்ந்தது என்று பார்த்தால், 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அந்தப் போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற இன்னும் அகலமான கணக்கில் படம் எடுக்கத் தொடங்கின.

எங்கள் பதாதையிலிருந்த விழாப் படம் வெளிறிப் போயிருந்ததற்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம். அது ஐபோனில் எடுத்த படம். வழியில் அதன் நிறக் குறிப்பு கழன்று விழுந்துவிட்டது. பி3 எண்களை எஸ்.ஆர்.ஜி.பி. என்று நினைத்து வாசித்தால் நிறம் செத்துப் போகும். ரியாலை ரூபாவாக எண்ணினது போல. அப்படியொரு படத்தைத் திறக்கும்போது ஜிம்ப் ஒரு கேள்வி கேட்கும்: கூட வந்த நிறக் குறிப்பை அப்படியே வைக்கவா, மாற்றவா என்று. பிள்ளைகள் எதையாவது அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நான் அவர்களுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"லினக்ஸில் செய்ததால்தான் இப்படி, விண்டோஸ் வாங்கிப் போடுங்கள் சேர்" என்று ஒரு பெற்றோர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது சரியில்லை. மெக் கணினியில் நிறக் கணக்கை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும், 1993 முதல் அவர்களிடம் கலர்சிங்க் என்ற ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் அந்தந்த மென்பொருளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரே கணினியில், ஒரே திரையில், ஒரே படம் ஒரு மென்பொருளில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் தெரியும். லினக்ஸின் புதிய திரை ஏற்பாடான வேலண்டில் இதற்கான பொது விதிமுறை 2025இல்தான் வந்து சேர்ந்தது. எங்கள் பழைய கணினிகளுக்கு அது வர இன்னும் காலமாகும். வந்தாலும் வராவிட்டாலும் குறிப்பை ஒட்டி அனுப்புவது எங்கள் வேலை.

இரண்டாவது இடம் என் லெப்டொப். இங்கே குற்றவாளி நான்.

கறுப்புக் கோட்டைக் கண்டவர்கள் இன்னொன்றைக் கவனித்திருக்கமாட்டார்கள். பாடசாலைச் சின்னத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பிள்ளை செய்த கோப்பில் சின்னத்தின் பின்னணி வெறுமை, நாங்கள் ட்ரான்ஸ்பேரன்ட் என்கிறோமே, அது. அச்சகத்தார் சின்னத்தைத் தனியாகக் கேட்டபோது நான் அவசரத்தில் போனில் படமாக அனுப்பிவிட்டேன்.

வெறுமை என்பது கோப்பில் ஒரு எண். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக, இந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்ற எண். அதற்கு அல்ஃபா என்று பெயர். 1970களின் கடைசியில் நியூயோர்க்கில் எட் கட்மலும் அல்வி ரே ஸ்மித்தும் கண்டுபிடித்த விஷயம் அது. பிறகு பிக்ஸார் கம்பனியைத் தொடங்கியவர்களும் அவர்கள்தான். 1996இல் வந்த பி.என்.ஜி. கோப்பில் இந்த நான்காவது எண்ணுக்கு இடம் இருக்கிறது. ஜேபெக் கோப்பில் இடம் இல்லை. போன் செயலிகளில் புகைப்படமாக அனுப்பினால் பொதுவாக அது ஜேபெக்காகச் சுருங்கித்தான் போகும்.

நான்காவது எண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வெறுமையான புள்ளியிலும் மற்ற மூன்று எண்களும் இருக்கின்றன. பெரும்பாலும் 0, 0, 0. அதாவது கறுப்பு. மூடியை எடுத்ததும் கீழே மறைந்திருந்த கறுப்பு வெளியே வருகிறது. வேறு மென்பொருளாக இருந்தால் வெள்ளையைப் போட்டு நிரப்பும். ஆகவே ஒரே சின்னம் ஒருவரிடம் கறுப்புப் பெட்டியோடும் இன்னொருவரிடம் வெள்ளைப் பெட்டியோடும் போய்ச் சேரும். விண்டோஸில் ஒரு மென்பொருளில் கொப்பி பண்ணி இன்னொன்றில் பேஸ்ட் பண்ணும்போதும் இந்த எண் பல தடவை விழுந்துவிடும். 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 பி.என்.ஜி. படங்களின் வெறுமையை ஒழுங்காகக் காட்டத் தெரியாமல் சாம்பல் பெட்டி காட்டியது. 2006இல் ஏழாம் பதிப்பு வரும்வரை உலகத்திலுள்ள இணையத்தள வடிவமைப்பாளர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் கறுப்புப் பெட்டி அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பெட்டி இல்லாவிட்டால் விளிம்பு பிழைக்கும். வெள்ளைத் தாளிலிருந்து வெட்டியெடுத்த சின்னத்தின் ஓரத்தில் பாதி வெள்ளை கலந்த புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பின்னணியில் வைக்கும்வரை தெரியாது. கடும் சிவப்பில் வைத்தால் ஒரு வெள்ளை வளையம் பளிச்சென்று தெரியும்.

நிழலும் அப்படி. பாதி தெரியும் வெள்ளையைக் கறுப்புக்கு மேல் வைத்தால் என்ன நிறம் வரும்? எண்களை நேரடியாகக் கலக்கும் மென்பொருள் 128 என்ற சாம்பலைத் தரும். ஒளியின் அளவைக் கணக்கிட்டுக் கலக்கும் மென்பொருள் 188 என்ற வெளிறிய சாம்பலைத் தரும். இரண்டும் கணக்குப் பிழை இல்லை, கணக்குப் போடும் முறை வேறு. 2018இல் வந்த ஜிம்ப் 2.10 முதல் அதில் இரண்டாவது முறையிலும் கலக்க முடியும். ஆகவே ஒன்றில் செய்த மென்மையான நிழல் இன்னொன்றில் திறக்கும்போது கனத்தோ மெலிந்தோ போகலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் தேடி எடுக்கும் படங்களில் பின்னால் தெரியும் சாம்பல் வெள்ளைக் கட்டங்கள் சில நேரம் உண்மையாகவே வரைந்த கட்டங்கள். அது வெறுமை இல்லை. பதாதையில் கட்டத்தோடு அச்சாகி வந்ததை இந்த மாவட்டத்தில் நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது இடம் அச்சகம்.

கொஞ்சம் பயத்தோடுதான் போனேன், ஏனென்றால் அவரைப் பற்றியும் குரூப்பில் பலதும் கதைத்திருந்தார்கள். அவர் தன் கணினியில் கோப்பைத் திறந்து காட்டினார். திரையில் கோடு பச்சைதான். "சேர், அன்டைக்கே கேட்டேனே, சின்னத் துண்டு ஒண்டு அடிச்சுப் பாப்பமா எண்டு. நீங்கதான் நேரமில்ல எண்டீங்க" என்றார். அது உண்மை. நான்தான் நேரமில்லை என்றேன்.

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சு மையால் காட்டுகிறது. வெளிச்சத்தில் சிவப்பு, பச்சை, நீலம். மையில் சியான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு. திரையில் தெரியும் நிறங்கள் எல்லாவற்றையும் மையால் கொண்டுவர முடியாது. ஒன்றை மற்றதாக மாற்றும்போது அந்த மைக்கும் அந்தத் துணிக்கும் உரிய குறிப்பு இல்லாவிட்டால் மென்பொருள் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுவிடும். எங்கள் பச்சைக்கு அந்தக் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன். சியான் 100 வீதம், மெஜென்டா 0, மஞ்சள் 6, கறுப்பு 67. மூன்றில் இரண்டு பங்கு கறுப்பு மை! ஃபிளெக்ஸ் துணியில் அது பச்சையாக எப்படித் தெரியும்?

அதற்கு மேல் நான்காவது இடம். குரூப்பில் சுற்றியது மஃரிப் நேரத்து வெளிச்சத்தில் போனில் எடுத்த படம். நானும் அதே நேரத்தில் அதே பதாதையைப் படமெடுத்துப் பார்த்தேன், பகலிலும் எடுத்தேன். பகல் படத்தில் கோடு கரும்பச்சை. அந்திப் படத்தில் சுத்தக் கறுப்பு. அதாவது பதாதையில் கொஞ்சம் மிச்சமிருந்த பச்சையையும் படமெடுத்த போன் எடுத்துவிட்டது. அதைத்தான் ஊரெல்லாம் ஆதாரம் என்று பார்த்தது.

ஆக, கோப்பில் பச்சை இருந்தது. மையில் கறுத்தது. அந்தி வெளிச்சத்தில் செத்தது. இதில் சதி செய்தவர் யாரும் இல்லை. கவனிக்காமல் விட்டவர் ஒருவர் இருக்கிறார், அது நான்.

இப்போது என் கருத்து.

எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்கு "வெறுமையான பின்னணியை ஏற்கும் கோப்பு வகை எது?" என்ற கேள்விக்குச் சரியாகக் கோடிடுவார்கள். அந்தக் கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பிழையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாது. பிழை பிள்ளைகளிடம் இல்லை. பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொடுத்தோம், பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. "என் திரையில் சரியாகத்தானே இருக்கு" என்பதோடு அவர்களின் பொறுப்பு முடிகிறது என்று நினைக்க விட்டோம். இந்த வேலையில் முதல் பாடமே உன் திரை சாட்சி இல்லை என்பதுதான்.

சாட்சி எண்தான். ஒரு படம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிந்தால் இரண்டு இடத்திலும் நிறம் எடுக்கும் கருவியால் ஒரே புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்து கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால் கோளாறு திரையிலோ நிறக் குறிப்பிலோ இருக்கிறது. எண்ணே மாறியிருந்தால் வழியில் ஏதோ ஒன்று மாற்றியிருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சுகப்படுத்தியது என்று தெரியாது.

இனி எங்கள் பாடசாலையில் ஒரு பதாதை வெளியே போவதற்கு முன் இவற்றைச் செய்யப்போகிறோம். பள்ளிவாசல், விளையாட்டுக் கழகங்கள், கல்யாணக் கார்ட் அடிப்பவர்கள் எல்லாருக்கும் உதவும்.

1. எல்லாரும் எஸ்.ஆர்.ஜி.பி. கணக்கிலேயே வேலை செய்வது. சேமிக்கும்போது நிறக் குறிப்பையும் சேர்த்துச் சேமிப்பது. வேறு கணக்கில் வந்த படத்தை முதலில் மாற்றிவிட்டுத்தான் வேலை தொடங்குவது.

2. சின்னங்களைப் பி.என்.ஜி.யாக வைத்திருப்பது. போனில் அனுப்பினால் டொகியுமென்டாக அனுப்புவது, புகைப்படமாக அனுப்பவே கூடாது. பென் டிரைவ் இன்னும் நல்லது.

3. சின்னத்தின் கீழே தற்காலிகமாக ஒரு கடும் ரோஸ் நிறத்தைப் போட்டுப் பார்ப்பது. வெள்ளை வளையம், கறுப்பு ஓரம், பொய்க் கட்டம் எல்லாம் அதில் பிடிபடும்.

4. அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் வெறுமை எதையும் விடாமல், பின்னணியை நாங்களே போட்டுத் தட்டையாக்கிக் கொடுப்பது. வெறுமையை விட்டால் அதை நிரப்பும் முடிவு அடுத்த மென்பொருளின் கைக்குப் போகிறது. அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பு பாடசாலையில் இருக்கும்.

5. முழுதாக அடிக்க முன், உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு அதே துணியில் அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. இது ஒன்றைச் செய்திருந்தால் நான் இந்தப் பதிவே எழுத வேண்டி வந்திருக்காது.

இதற்கெல்லாம் புதுக் கணினியோ விலைகூடிய மென்பொருளோ தேவையில்லை. களவாக இறக்கிய மென்பொருளும் தேவையில்லை. இருக்கிற பழைய கணினியும் ஜிம்ப்பும் போதும். தேவை அரை மணித்தியாலப் பொறுமை.

கொடிப் பகுதியைத் திருத்தினோம். அதிபர் அறையிலிருந்த துணிக் கொடியை அச்சகத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் விரித்து வைத்தோம். அவர் கறுப்பு மையைக் குறைத்து மூன்று துண்டுகள் அடித்தார். மூன்றாவது பொருந்தியது. காசு வாங்கவில்லை. "நானும் அண்டைக்கு வற்புறுத்தியிருக்கலாம் சேர்" என்றார். குரூப்பில் அவரைப் பற்றி எழுதியவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வாப்பா கதவைத் திறந்தார், சரியாக முகம் கொடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான். மூலக் கோப்பையும் எண்களையும் தாளில் எழுதிக் காட்டி, பிழை என்னுடையது என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் போட்ட பச்சை சரிதானே சேர்?" என்று கேட்டாள். சரிதான் மகள் என்றேன். உம்மா உள்ளே இருந்து அழுதது எனக்குக் கேட்டது.

ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி சூறத்துல் ஹுஜுராத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஜும்ஆவில் கேட்கிறோம், போன் கைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். பல இனமும் சேர்ந்து வாழும் இந்தக் குடாவில், போர் தின்ற இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்தியில் எடுத்த ஒரு படத்தை வைத்து "வேணுமென்டே செஞ்சது" என்று முடிவுகட்டுவது சின்ன விஷயம் இல்லை. எங்கள் அடையாளம் அழிக்கப்பட்டதாகத் தோன்றினால் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் குரூப்பில் கேட்பதற்கு முன் பதாதையைக் கட்டியவரிடம் கேளுங்கள். என் வீடு எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வேண்டுகோள்.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் அதே குரூப்பில், அந்தப் பிள்ளை மேல் பிழை இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். படம் போன இடமெல்லாம் அந்த வரியும் போக வேண்டும். பிள்ளையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும். பதாதை, கார்ட், போஸ்டர் செய்யும் எந்தப் பிள்ளையும் வரலாம், எந்த ஊர்ப் பிள்ளையும், எந்த இனத்துப் பிள்ளையும் வரலாம். பிழைத்துப்போன உங்கள் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். அது எந்த இடத்தில் பிழைத்தது என்று சேர்ந்து தேடுவோம். முதலில் சொல்லிக்கொடுக்கப் போவது நான் இல்லை. இந்தத் திங்கட்கிழமை கணினி அறைக்குத் திரும்பி வந்தவள், "நிறக் குறிப்புப் பகுதிய நான் சொல்லிக்குடுக்கிறேன் சேர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.